மூன்றாம் முறையும் முனி வாசலில்

ஊத்தான் மெலிந்தாங்கில் செய்திக்கு டயர் தேவையில்லை.
இழுவை லோரி என் பட்டறைக்குள் திரும்புமுன்னே
எதிர் ஒட்டுக்கடையில் முடிவாகிவிட்டது:
முனி மறித்துவிட்டார்.

கறுப்பு ரேஞ்ச் ரோவர். நான்கு லட்சம் வெள்ளி.
மூன்று மாதத்தில் மூன்று முறை
அதே கோயில், அதே வாசலில்
மூச்சை விட்டிருக்கிறது.
அரைமணி ஆறினால்
ஒன்றும் நடக்காததுபோல் கிளம்புமாம்.
பின்னிருக்கையில் சுருட்டிய வரைபடம்:
இரண்டாம் டிவிஷன், எழுபது ஏக்கர் செம்பனை,
அழித்தால் நூற்றுப் பன்னிரண்டு வீடு,
கோயில் இருக்கும் இடத்தில்
காடி நிறுத்துமிடம்.

மிஸ்டர் ஓங் பட்டறை முதலாளி எங்கே என்றார்.
கையைத் துடைத்தேன். புரிந்துகொண்டார்.
ஈப்போவில் இரண்டு தடவை காட்டியாயிற்று,
ஒன்றுமில்லை என்கிறார்கள் என்றார் மலாயில்.
ஆறின பிறகு தொட்டுப் பார்த்தால்
காய்ச்சல் எப்படித் தெரியும்?

தங்கையின் முடி உலர்த்தியை எடுத்துக்கொண்டு
அடியில் படுத்தேன். ஜம்ரி விளக்குப் பிடித்தான்.
இயந்திரமும் கியர்பெட்டியும் சேரும் கழுத்தில்,
புகைக்குழாய் ஓரம், தகட்டுக்குப் பின்னால்
கட்டைவிரல் நீளக் கறுப்புக் குச்சி.
அதன் முன்னால் சுற்றும் சக்கரத்தில்
அறுபது பல்லுக்கு இடம், இருப்பது ஐம்பத்தெட்டு.
இரண்டை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள்.
அந்தப் பொக்கை கடக்கும்போதுதான்
பிஸ்டன் எங்கே, பொறி எப்போது என்று
பெட்டிக்குத் தெரியும்.
குச்சி எண்ண மறந்தால்
நான்கு லட்சமும் கல்.

ஐந்து நிமிடம் சூடு காட்டினேன்.
ஜம்ரி சாவி திருப்பினான்.
ஸ்டார்ட்டர் சுற்றச் சுற்ற
திரையில் சுழற்சி: பூஜ்யம்.

அப்போது ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வந்து நின்றது.
செருப்புக்கு மேலே குனிந்து
கோயில் செயலாளர் தெய்வசிகாமணி.
"என்னம்மா கோளாறு?"
"சென்சர்."
"சத்தமாச் சொல்லாதே.
அந்த ஆளு மூஞ்சியைப் பாத்தியா?
இன்னும் ஒரே தடவை நின்னுச்சுன்னா
பிளானையே மாத்திடுவான்.
பழசையே மாட்டி விட்டுடு."

எனக்கு மொட்டை போட்டது அந்த வாசலில்தான்.
பத்தாம் நம்பர் சாவிக்குப் போல்ட் அசையவில்லை,
அதுவும் கமிட்டியில் இருக்கிறது போல.
துருவுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன்.
ஒரு சொட்டு என் கன்னத்தில் விழுந்தது.

அடுத்த தடவை இது நெடுஞ்சாலையில் நிற்கலாம்.
பின்னால் குலை ஏற்றிய லோரி வரலாம்.
முனி அப்படிச் செய்பவர் இல்லை.

கழற்றினேன்.

பில்லில் எழுதியது: சென்சர், முந்நூற்று எண்பது.
கூலி, நூற்றிருபது.
ஓங் நெடுநேரம் படித்தார்.
"ஏன் அங்கேயே நின்றது?"
சூடேறியபின் வேகம் குறைந்தால்
இதற்குக் குரல் எழும்பாது.
அங்கே ஒரு மேடு இருக்கிறது,
எல்லாரும் மெதுவாகத்தான் போகவேண்டும்.
"மேடு யார் போட்டது?"
கோயில்காரர்கள். பள்ளிப்பிள்ளைகள் கடக்கும் இடம்.
ஆறு கடிதம் போட்டுப் பார்த்துவிட்டு
ஒரு ஞாயிற்றுக்கிழமை
தாங்களே சிமெண்டு குழைத்தார்கள்.
அவர் நோட்டுகளை எண்ணி வைத்தார்.
மீதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

காடி புறப்பட்டபோது ஒட்டுக்கடையே எழுந்து நின்றது.
மேட்டில் பின்விளக்குகள் சிவந்தன.
சிவந்தபடியே இருந்தன.
இயந்திரம் நிற்கவில்லை, இங்கே வரை கேட்டது.
அவர்தான் நிறுத்தியிருந்தார்.
கும்பிட்டாரா, போன் வந்ததா,
மேட்டை அளந்தாரா, தெரியாது.
ஜம்ரி கணக்கில் இரண்டு நிமிடம்.
ஒட்டுக்கடைக் கணக்கில் இப்போது பதினைந்து.

சாயங்காலம் தெய்வசிகாமணி திரும்பி வந்தார்,
கோபமாக வருவார் என்று நினைத்தேன்.
கைக்குட்டையை விரித்தார்.
"அந்தப் பழைய குச்சியைக் கொடு.
அரிவாளுக்குப் பக்கத்துல வைக்கலாம்."

கொடுத்தேன்,
எண்ணெயைத் துடைத்துவிட்டு.