இருபது மீட்டர்

எங்கள் பக்கம் காத்தாடி என்றால்
சோளக்காட்டு நடுவே மூன்று இறக்கையோடு நிற்பது.
அதனால் இதைப் பட்டம் என்றே சொல்கிறேன்.
ஒன்பது சதுர மீட்டர், போன மாதமே வாங்கியாயிற்று.
பிடியும் கயிறும்தான் பாக்கி.

தூத்துக்குடியிலிருந்து ரெனி பர்னாந்து
மூன்று பழைய பார் கொண்டுவந்து
உப்பாறு அணைக்கரையில் சாக்கு விரித்து வைத்தான்.
"கலர் எது வேணும்க்கா?"

திருப்பூரில் நூல் சோதிக்கிறவள் நான்.
பதினோரு வருசமாய் அறுத்துப் பார்த்துத்தான் சம்பளம்.
கலரைக் கடைசியில் கேள் தம்பி.

ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் பாரை ஒதுக்கினேன்,
அது பெரிய பட்டத்துக்கு. நானோ
ஈரத்துணியோடு நின்றாலும் ஐம்பத்து நாலு கிலோ.
மிச்சம் இரண்டு. கண்ணை மூடிக்கொண்டு
சிவப்பு உருளையைத் தள்ளினேன்.
ஒன்றில் மணல் கரகரத்தது, இரண்டு கையும் கேட்டது.
ஓவர்லாக் ஊசி ஏறி மரத்துப்போன பெருவிரல் எனக்கு,
அந்த விரலாலேயே அடுத்ததைத் தள்ள
டக்கென்று விட்டது.

வெளுத்த பார். நுரை உரிந்து,
ஓரத்தில் யாரோ கடித்த மாதிரி தழும்பு.

"நாலு மீட்டர் நீட்டுக்கயிறைக் கழற்றிரு" என்றேன்.
"இழுவை குறையுங்க்கா."
குறையட்டும். கடல்காத்து இல்லை இது.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து
காத்தாடி காத்தாடியாய் இடித்துக்கொண்டு வந்து
கடன் கேட்கிற பங்காளி மாதிரி
சும்மா நிற்கும், சும்மா நிற்கும்,
சட்டென்று சட்டையைப் பிடிக்கும்.

வேலாமரத்தில் நாலு முனையும் கட்டி
கிளுவை வேலியோரம் பின்னாலேயே நடந்தேன்.
பார் கோணிற்று.
முன்கயிறு இரண்டும் பாரம் சுமந்து நீண்டிருந்தன.
பின்கயிறு, அதிகம் இழுபடாமலே சுருங்கியிருந்தது,
இடது நாலு விரல், வலது இரண்டு.
இப்படியே ஏற்றினால் பட்டம்
பின்பக்கமாய்ச் சரிந்து உட்காரும்.
"முடிச்சை மாத்திக்கலாம்க்கா."
தெரியும். அதற்கு எழுநூறு குறை.

பரிசலைக் கரையேற்றிய ஒருவர்
கயிற்றை விரலில் உருட்டிப் பார்த்தார்.
"எத்தனை கிலோ தாங்குமுங்?"
"ஒரு கயிறு முந்நூறுங்."
"அந்தச் செகப்பு?"
"ஆபத்துன்னா விட்டுர்றதுக்கு."
"விடறதுக்குங்களா இத்தனை காசு!"

ரெனி காசை எண்ணிக்கொண்டிருந்தான்.
வேலியில் கிளுவை இலைகள் ஒரே பக்கமாய்த் திரும்பின.
அவர் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்,
பார்க்க.