ஏழு குட்டிகளின் கணக்கு

கூரைக்கு நாலாயிரத்து இருநூறு யூரோ.
குட்டிக்கு அறுநூறு என்றால், ஏழு குட்டி.
மின்சார பில்லின் முதுகில் இந்த வகுத்தலைப் போட்டவள் நான்.
உர்மாஸ் எட்டிப் பார்த்து
எட்டு என்றே வைத்துக்கொள் என்றான்.
சூலா என் பாதத்தில் தாடையை வைத்துக் கிடந்தாள்.
அவளுக்கு அப்போது பதினோரு மாதம்.

வோரு நகரைத் தாண்டி ஆர்வியின் பண்ணை.
ஆண் நாய் கேட்டுப் போனோம்.
அவன் நாயைக் காட்டவில்லை, கேள்விகளைக் காட்டினான்.
கண்ணைப் பரிசோதித்தீர்களா? இடுப்பு எக்ஸ்ரே எங்கே?
இவள் தாய்க்கு என்ன நோய் இருந்தது?
பால் சுரக்காவிட்டால்
இரண்டு மணிக்கு ஒருதரம் எழுந்து புகட்ட வீட்டில் யார் இருக்கிறீர்கள்?
விற்ற குட்டியை ஒருவர் இரண்டு வருஷம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தால்
கதவைத் திறப்பீர்களா?
பிறகு சூலாவின் முதுகு ரோமத்தை எதிர்வாட்டில் தடவி,
சாம்பலில் மை தெறித்த அந்த நிறத்தைப் பார்த்தபடி
இன்னொன்றும் சொன்னான்:
இதே நிறத்தோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.
உர்மாஸ் அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தான்.
எஞ்சின் சத்தத்தில்
எனக்குக் கேட்டது.

வழியெல்லாம் சிரித்தோம்.
போட்டிக்கு ஆள் வந்துவிடுமென்று பயம் அவனுக்கு, என்றோம்.

பக்கத்துத் தெரு மீலிஸின் ஹாலி, அதே சாம்பல், அதே மை.
மீலிஸ் கேட்டது ஒரு பாட்டில் மட்டும்.

பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
சவுனாவின் முன்னறையில் பழைய போர்வைகளைப் பரப்பியிருந்தோம்.
முதல் குட்டி சவ்வோடு வந்து விழுந்தது.
இது என்னவென்று தெரியாமல்
சூலா மிரண்டு விறகு அடுக்குக்குப் பின்னால் ஓடினாள்.
அவளாவது பரவாயில்லை.
உர்மாஸ் போனில் செய்முறை வீடியோவைத் திறந்தான்,
திறந்ததும் ஒரு விளம்பரம்.
துணி சோப்போ என்னவோ. தவிர்க்க முடியாத விளம்பரம்.
அது முடிகிறவரை இருவரும்
அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
சவ்வுக்குள் அசைவு நின்றது.

பின்னால் வந்தவை ஏழு.
கணக்கு சரி, என்று நினைத்தேன்.
நினைத்தேன்தான். மறைக்க மாட்டேன்.

அதில் மூன்று அப்பழுக்கற்ற வெள்ளை.
வெள்ளைக்குத் தொள்ளாயிரம் சொல்லலாம் என்று பேசிக்கொண்டோம்.
மூன்றாவது வாரம் கண் திறந்தன.
ஒன்றுக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் மிளகளவு ஏதோ இருந்தது.
ஒரு நாள் சட்டி மூடி கைதவறி விழுந்தது.
நாலு தலைகள் துள்ளி நிமிர்ந்தன.
மூன்று வெள்ளையும் தூங்கிக்கொண்டிருந்தன.
மறுபடி போட்டேன், வேண்டுமென்றே.
மறுபடி.
பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டினாள்.

அப்பனும் இதே நிறமா, என்று கேட்டாள் மருத்துவர் ஹெல்வே.
ஒரே கேள்வி. கையுறையைக் கழற்றவில்லை.
ஆமாம் என்றேன்.
தெரியாதா என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

மிளகுக் கண்ணுக்கு ஊசி போட்டாள்.
இன்னொன்று ஊசிக்குக் காத்திருக்கவில்லை.
சூலாவின் மடி சீழ் வைத்துக் கொதித்தது.
விற்ற நாலு குட்டிகளின் பணமும்
அந்த ஆஸ்பத்திரி மேசையைத் தாண்டி வரவே இல்லை.
இலையுதிர் காலத்தில் தார்த்துவிலிருந்து ஒன்று திரும்பி வந்தது,
பின்னங்காலை இழுத்துக்கொண்டு.
கதவைத் திறந்தோம்.
வேறென்ன செய்ய.

மிச்சமிருந்த வெள்ளைக்கு உடு என்று பெயர்.
எங்கள் பேச்சில் மூடுபனி.
எழுப்ப வேண்டுமானால் தரைப்பலகையில் இரண்டு மிதி.
இருட்டில் தொட்டால் கடித்துவிடுவாள், பிறகு நக்குவாள்.

இப்போது மழை.
கூரைக்கு அடியில் சிவப்பு வாளி.
சொட்டு.
உர்மாஸ் புரள்கிறான். நான் எண்ணுகிறேன்.
சொட்டு.
சூலா மூலையில் காதை மடக்கி மடக்கி நிமிர்த்துகிறாள்.
வாளியை ஒட்டி, தெறிக்கிற ஈரத்தில் முதுகை வைத்துக்கொண்டு,
இந்த வீட்டில்
உடு மட்டும் தூங்குகிறாள்.