தட்டைத் தொடாமல்

முதலாம் குறுக்குத் தெருவில் இதை விற்றவன்
பதினோராயிரத்தில் ஒரு ரூபாவும் குறைக்கவில்லை.
"விண்டோஸ் இழுக்காது மிஸ், ரெண்டு ஜிபிதான்.
மேல தேத்தண்ணி வைக்கலாம்" என்று
அவனே சொல்லி அவனே சிரித்தான்.
பற்றரி செத்துவிட்டது. எஃப் எழுத்துக் கட்டை இல்லை.
மூடியில் ஸ்டிக்கர் உரித்த தழும்பு.

திறப்புக் கோர்வையிலிருந்து
பென் டிரைவைக் கழற்றித் தந்தான் யூட்.
"முதல்ல சும்மா ஓட்டிப் பார்,
வன்தட்டைத் தொடாது."

தொடவில்லை.
ஒரு முழு மேசை அப்படியே விரிந்தது,
வாடகை வீட்டில் ஆணி அடிக்காமல்
படம் மாட்டி வைத்த மாதிரி.

ஜம்பட்டா வீதி, மேல்மாடி, இரவு ஏழு பத்து.
எங்கள் வலயத்துக்கு எட்டரைக்கு மின்வெட்டு.
இலங்கை என்று அழுத்தினேன்,
விசைப்பலகை சிங்களமாக வந்து நின்றது.
அதற்குள் இறங்கி, இன்னும் ஒரு படி இறங்கி
தமிழை எடுத்தேன்.
பழகிய படிகள். கால் தானாக இறங்கும்.
நேரம் எந்த ஊர் என்றது. கொழும்பு.
அதைத் தேடவேண்டி இருக்கவில்லை.

பிறகு அந்தக் கேள்வி:
முழுத் தட்டையும் அழிக்கவா?

அழிக்குமுன் எட்டிப் பார்ப்பது
சரியா என்று தெரியவில்லை. பார்த்தேன்.
ரம்ஸீன் என்று ஒரு ஃபோல்டர்.
பாட்டு இல்லை, படம் இல்லை.
சீவி.
சீவி ஃபைனல்.
சீவி ஃபைனல் டூ. சீவி டோஹா ஃபைனல்.
சீவி உம்மா சொன்னது.
சீவி போட்டோ இல்லாமல் ஃபைனல்.
எஃப் கட்டை எங்கே போனதென்று
அப்போதுதான் விளங்கியது.
இருபத்துமூன்று. எல்லாம் சேர்த்து
நாலு எம்பிகூட வரவில்லை.

கடைசியைத் திறந்தேன்.
களஞ்சியப் பொறுப்பாளர், ஆறு வருடம்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார்.
பொழுதுபோக்கு முதலாவதில் கரம்,
பத்தொன்பதாவதில் வாசிப்பு,
இதில் அந்த வரியே இல்லை.
திகதி மார்ச் ஒன்பது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.
வேலை கிடைத்திருக்கும்.
அல்லது லப்டொப்பை விற்கவேண்டி வந்திருக்கும்.

எட்டு பதினாறு.
ஆம் என்று அழுத்தினேன்.

நீலக் கோடு நகர்ந்தது,
மருதானைச் சந்தியில் பஸ் நகர்வதைப்போல,
நின்று, உறுமி, ஒரு முழம்.
எழுபத்திரண்டு வீதத்தில்
திரை போனது, வெளிச்சம் போனது, தெரு போனது,
மின்விசிறி மட்டும் விஷயம் தெரியாமல்
இன்னும் நாலு சுற்றுச் சுற்றியது.
மின்சார சபை ஆறு நிமிடம் முந்திவிட்டது.

துறைமுகப் பக்கம் கப்பல் ஒன்று ஊதியது.
இதற்குள் இப்போது ரம்ஸீனும் இல்லை,
நானும் இன்னும் இல்லை.
மடியில் சூடு மட்டும் இருந்தது.
அது ஆறும்வரை அப்படியே வைத்திருந்தேன்.

பத்தே முக்காலுக்கு விளக்கு வந்தபோது
எதிர் மாடியில் ஹேய் என்று கத்தினார்கள்.
மறுபடி முதலிலிருந்து.
இலங்கை, ஒரு படி, இன்னொரு படி.
முழுத் தட்டையும் அழிக்கவா என்று
இந்தமுறையும் அதே மரியாதையோடு கேட்டது,
அழிக்க அங்கே ஏதோ மிச்சம் இருப்பதுபோல.

கணினிக்குப் பெயர் வைக்கச் சொன்னது.
தமிழ் எழுத்தை ஏற்கவில்லை, இடைவெளியையும்.
சின்ன ஆங்கில எழுத்தில்
சீவிஇருபத்துநாலு என்று சேர்த்து அடித்தேன்.
எஃப் விழுகிற இடத்தில் மட்டும்
ரப்பர் முளையை நகத்தால் குத்தினேன்.

நடுச்சாமம் தாண்டி ஏறி முடிந்தது.
கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடி,
நின்று, என் பெயரைக் கேட்டது.
இருநூறு எம்பிதான் பிடித்திருக்கிறது,
மிச்ச இடமெல்லாம் கூட்டிக் கழுவிய வீடு.

யூட்டுக்குச் செய்தி போட்டேன்:
ஏறிட்டுது.
பென் டிரைவை நாளைக்குக் கடையில தாறன்.
அதில ஆறு ஜிபி சும்மா கிடந்திருக்கு,
இப்பதான் கண்டன்.