பச்சை, மஞ்சள்

துலூத்திலிருந்து செயின்ட் பால்
நூற்றைம்பது மைல்.
பிப்ரவரி. இன்னும் விடியவில்லை.
வைப்பர்கள் தண்ணீரை அல்ல, சாலை உப்பைத் தேய்க்கின்றன.
பக்கத்து இருக்கையில் மாரென்,
மடியில் ஏழு அட்டைகள்,
அட்டைக்கு ஒரு வாக்கியம்.
உதடு அசைய வாசிக்கிறாள்,
தடுக்கினால் மறுபடி முதல் அட்டைக்குப் போகிறாள்.

"எய்ரிக், வேகமாக ஓட்டாதே.
எனக்கு ஐந்தாவது இன்னும் வரவில்லை."

டிசம்பரில் விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள்.
நான்காம் பக்கத்தில் கேட்டிருந்தார்கள்:
நீங்கள் கடந்து வந்த தடை ஒன்றை விவரிக்கவும்.
பென்சிலால், கோட்டுக்கு வெளியே வழியும் எழுத்தில்
அவள் எழுதினாள்:
இந்தக் கட்டம் சின்னது.

அம்மா அழிக்கச் சொன்னாள்.
இதயத்தில் செய்த அறுவையை எழுது,
பேச்சுப் பயிற்சியை எழுது,
படிப்பவர்கள் மூக்கை உறிஞ்சும்படி எதையாவது எழுது.
"அப்போது நான் கைக்குழந்தை,
தூங்கிக்கொண்டிருந்தேன்.
கடந்தது டாக்டர்,"
என்றாள் மாரென்.

பணம் வந்தது, மூவாயிரம் டாலர்.
வங்கியில் போட அப்பாவுக்குப் பயம்.
இரண்டாயிரத்துக்கு மேல் சேர்ந்தால்
அவளுடைய மாதப் பணம் நின்றுவிடும்.
படிப்புக்கான தொகைக்கு விலக்கு உண்டாம்,
அதை நிரூபிக்க இன்னொரு படிவம்,
அதிலும் சின்னக் கட்டங்கள்.
இங்கே வலது கை கொடுப்பது
இடது கைக்கு நன்றாகவே தெரியும்.

எல்லோரும் கேட்கிறார்கள்.
பல் மருத்துவர் கேட்கிறார், வாய்க்குள் விரலை வைத்துக்கொண்டே.
பாதிரியார் கேட்கிறார்.
கடையில் அவளோடு பைகளில் சாமான் அடுக்கும் லோரெய்ன் கேட்கிறாள்:
படித்து என்ன செய்யப் போகிறாய்?
அக்கறையாகத்தான் கேட்கிறார்கள்.

எனக்கும் ஒரு கல்லூரி கொடுத்தது.
நான்கு வருடம், முழுக் கட்டணம்,
ஹாக்கி மட்டை பிடிக்கத் தெரிந்ததற்காக.
பொருளாதார வகுப்புக்கு நான் போனது இரண்டு முறை,
அதில் ஒருமுறை தவறான அறைக்கு.
இரண்டாம் ஆண்டில் முழங்கால் போயிற்று,
பின்னாலேயே நானும் போனேன்.
இப்போது மாவட்டத்துக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
அன்று ஒருவரும்,
பல் மருத்துவர்கூட,
கேட்கவில்லை.

குழு அறை. மேஜைமேல் மூன்று விளக்குகள்.
பச்சை எரிந்தால் பேசலாம்,
மஞ்சள் என்றால் முடித்துக்கொள்ள வேண்டும்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
அவளுக்கு முன் பேசிய கல்லூரி அதிகாரி
அதற்குள் பதினொரு புள்ளிவிவரம் சொன்னார்.
நான் எண்ணினேன், வேறு வேலை இல்லை.

மாரென் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள்.
"என் பெயர் மாரென் ஹாக்லண்ட்.
எனக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது.
எனக்கு நூலக வேலையும் பிடிக்கும்."
உறைந்த ஏரியில் நடப்பவர் போல
அவள் சொற்கள் ஒவ்வொன்றாய்க்
கால் ஊன்றிப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கும்.
நான்காம் அட்டையில் மஞ்சள்.
ஐந்தாம் அட்டை.
"எனக்கு வேண்டியது"

சிவப்பு.

விதி என்றால் அவளுக்கு விதிதான்.
நிறுத்தினாள்.
அட்டைகளைத் தட்டி ஓரம் சேர்த்தாள்.
"பரவாயில்லை, முடியுங்கள்," என்றார் குழுத் தலைவர்,
குரலைக் குழைத்து.
"எல்லோருக்கும் மூன்றுதானே?" என்றாள்.
"அடுத்த முறை நான் கொஞ்சமாக எழுதி வருகிறேன்.
நீங்கள் நேரம் அதிகம் வையுங்கள்."
யாரோ சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை.

மசோதா என்ன ஆகும், தெரியாது.
அந்த மேஜையிலேயே கிடக்கலாம்.

ஹிங்க்லியில் காப்பிக்கு நிறுத்தினேன்.
ஐந்தாவதில் என்ன என்று கேட்டேன்.
"அது கமிட்டிக்கு," என்றாள், காட்டவில்லை.
கல்லூரி வரைபடத்தை டாஷ்போர்டில் விரித்து
விடுதியிலிருந்து ஒவ்வொரு கட்டடத்துக்கும்
பென்சில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.
செப்டம்பருக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறதே என்றேன்.

நிமிரவில்லை.
"நீ தவறான அறைக்குப் போனாய்," என்றாள்.