வரைபடம் ஒன்று

தெஹிவளைப் பாலத்தில்
நூற்றியோராம் இலக்க பஸ்ஸை மறித்து
எல்லோரையும் இறக்கினார்கள்.
என் கைப்பையில் சாப்பாட்டுப் பெட்டி, குடை,
அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு,
ஓட்ரி பெல்லோவின் மூன்றாம் பாகம்:
மருதானையில் நாற்பது ரூபாய்,
முதுகு கிழிந்து கோந்து நாறும்.

அட்டையைத் திறந்தவன் அப்படியே நின்றான்.
உள்ளே ஒரு வரைபடம்.
ஆறுகள், கணவாய்கள், காவற்கோபுரங்கள்,
வடக்கே ஒரு குடாநாடு.

குடாநாடுதான் வினை.

"இது எந்த இடம்?"
"எந்த இடமும் இல்லை, மாத்தயா."
"இல்லாத இடத்துக்கு ஏன் வரைபடம்?"
லண்டன் விமர்சகர்களும்
நாற்பது வருடமாக அதைத்தான் கேட்டார்கள்.

பொலிஸ் நிலைய வாங்கில் மூன்று மணி நேரம்.
மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை.
இன்ஸ்பெக்டர் ஒரு படிவத்தை எடுத்தார்.
என் விபரம் எழுதி முடிந்ததும்
இன்னொன்றை எடுத்தார்,
வரைந்தவளுக்கு.

பெயர்: ஓட்ரி பெல்லோ.
பிறந்த இடம்: கோர்ன்வாலில் ஒரு மீன்துறை.
தகப்பன்: வெளிச்சவீட்டுக் காவலாளி.
தொழில்: எரிவாயுக் கம்பனியில் கணக்கு,
என்னைப் போலத்தான், இருபத்தாறு வருடம்.
இரவில் சமையலறை மேசையில் அமர்ந்து
அரசர்களைக் கொன்றாள்.

பேனா நின்றது. "கொன்றாளா?"
"கதையில், மாத்தயா."

தெரிந்ததெல்லாம் பின்னட்டைகளில் படித்தது.
முதல் நாவலைப் பதினொரு பேர் திருப்பி அனுப்பினார்கள்.
பன்னிரண்டாமவர் அச்சிட்டார், அட்டையில் ட்ராகன் போட்டார்.
கதையில் ட்ராகனே கிடையாது.
ஆயுள் முழுக்க வாசகர்களுக்கு
அதற்கு மன்னிப்புக் கடிதம் எழுதினாள்.
மூன்றாம் பாகத்தில் பணம் வந்தது,
பேரிக்காய் மரத்தோடு ஒரு வீடு வந்தது,
புருஷன் போனான்.
ஐந்தாவதை யாரும் மெச்சவில்லை.
ஆறாவதில் கை நடுங்கத் தொடங்கியது,
எழுத்தெண்ணி, சொல்லெண்ணிச் சொல்லி
பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கொண்டு எழுதுவித்தாள்.

"வெளிநாட்டுப் பயணம்?"
ஒரே ஒரு தரம், கப்பலில் பிரான்சுக்கு.
போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி.
"இலங்கைக்கு?"
இல்லை.
"இப்போது எங்கே?"
செத்துவிட்டாள், மாத்தயா. எண்பத்தொன்பதில்.
"அப்ப விசாரிக்க ஏலாது" என்றார்.
நிஜமாகவே கவலைப்பட்டார் போலிருந்தது.

"யாழ்ப்பாணத்தில் உமக்கு யார்?"
பெரியப்பா குடும்பம், என்றேன்.
இருக்கிறார்கள் என்றும் சொல்லவில்லை,
இருந்தார்கள் என்றும் சொல்லவில்லை.
அவர் எழுதிக்கொண்டார்.

சவர அலகால் வரைபடத்தை வெட்டி எடுத்து
கோப்பில் குத்தி முத்திரை அடித்தார்கள்:
வரைபடம், ஒன்று.
புத்தகத்தைத் திருப்பித் தந்தார்கள்.
சாப்பாடு புளித்திருந்தது.

படலை வரை கூட வந்த இளம் கான்ஸ்டபிள்,
ரணவீர என்று சட்டையில் பெயர்,
ரோட்டைப் பார்த்தபடி மெல்லக் கேட்டான்:
"அந்த வடக்குப் பக்கம்...
கடைசியில் யார் வெல்லுறது?"

ஏழாம் பாகம் பாதியில் நிற்கிறது, தம்பி.
ஒரு வாசலில், ஒரு வசனத்தின் நடுவில்.

பஸ்ஸில் இருக்கை கிடைத்தது.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
படை ஓர் ஆற்றைக் கடக்கிறது.
பழக்கத்தில் அட்டைப் பக்கம் புரட்டினேன்.
வெட்டிய விளிம்பு விரலைக் கீறியது.
ஆறு எங்கேயென்று தெரியாமல்
வெள்ளவத்தை வரைக்கும்
அவர்களோடு நடந்தேன்.