குறிப்பு

முன்னேற்ற அட்டையின் கடைசிக் கட்டம்
இரண்டு விரல் அகலம்.
கணக்கில் இருவருக்குமே தொண்ணூற்று நான்கு.
ஜெபசீலனுக்கு எழுதினேன்:
நல்ல மூளை. கவனம் போதாது.
சங்கமித்திரைக்கு:
கடின உழைப்பாளி. அடக்கமான பெண்.

மறுநாள் வியாசர்பாடியில் நல்ல மழை.
கணேசபுரம் சுரங்கப்பாதையை மூடிவிட்டார்கள்.
சுற்றிக்கொண்டு வந்தவள்
பை சொட்டச் சொட்ட
ஆசிரியர் அறை வாசலில் நின்றாள்.
அட்டை மட்டும் நனையவில்லை,
பால் கவருக்குள் வைத்திருந்தாள்.

"நான் உழைக்கவே இல்ல மிஸ்.
பரீட்சைக்கு மொத நாள் ராத்திரி
தண்ணி லாரி வந்துச்சு. பதினோரு குடம்.
புக்கைத் தொடவே இல்ல.
காலையில பேப்பரைப் பார்த்தேன்,
ஒவ்வொண்ணா தானா அவுந்துச்சு."

கொஞ்சம் நிறுத்தி,
"ஜெபாதான் மிஸ் ராப்பகலா படிச்சான்.
ரெண்டு எடத்துல ட்யூஷன்."

கோபம் இல்லை.
விடைத்தாளில் கூட்டல் தப்பைக்
காட்ட வந்தவளின் குரல்.

பதினேழு வருஷமாய் இந்தக் கட்டத்தை நிரப்புகிறேன்.
எத்தனை பெண்களை உழைக்க வைத்தேன்,
எத்தனை பையன்களுக்கு
மூளையைச் சும்மா கொடுத்தேன்,
கணக்கு டீச்சர்,
இதை மட்டும் எண்ணியதில்லை.

வெள்ளை மை தடவினேன்.
காயட்டும் என்று இருவரும் மாறி மாறி ஊதினோம்.
என்ன எழுதுவது?
பேனாவைத் திறந்தபோது மணி அடித்துவிட்டது.

"அந்த அடக்கமானதையும் அழிச்சிடுங்க மிஸ்"
என்று கத்திக்கொண்டே
இரண்டிரண்டு படியாய்
ஈரச் செருப்போடு இறங்கி ஓடினாள்.