இருபத்தொன்பது செக்கன்

எர்வின் பார்த்தலோட் அடித்து விழுத்திய பதினொரு பேரில்
நான் ஏழாவது.
டொக்யாட் கன்ரீனில் சோறு வடித்துக்கொண்டிருந்தவன்.
கையுறை போட்டது அன்றைக்கு மட்டும்.

கனத்த எடைக்கு ஆளில்லாத நாடு இது.
மெல்லிய பெடியன்கள் வரிசையில் நின்று
சேவல்மாதிரி ஒருத்தனை ஒருத்தன் கொத்துவார்கள்.
எர்வின் மட்டும் றிங்குக்குள் ஏறி
எதிர்மூலையில் கிடக்கும் வெறும் ஸ்டூலைப்
பார்த்துக்கொண்டு நிற்பான்.
மணி அடிக்கும். நடுவர் வந்து
அவனுடைய கையைத் தூக்கிவிட்டுப் போவார்.
ஒன்பது கிண்ணம் அப்படி வந்தது.
"அடிக்காமல் எடுத்த கிண்ணத்தில
தண்ணிகூடக் குடிக்கேலாது" என்பான்.
தாய் அவற்றில் குரோட்டன் நட்டிருந்தாள்.

ஆகவே என்னைப் பிடித்தார்கள்.
ஸ்டோர்ஸ் தராசில், அரிசிமூட்டையை இறக்கிவிட்டு
அதே தட்டில் என்னை ஏற்றி நிறுத்தார்கள்.
நூற்றுத் தொண்ணூற்றெட்டு இறாத்தல்.
"விழுந்தால் எழும்பாதே" என்றார் பயிற்சியாளர்.
எனக்கு அவர் பழக்கிய முழு வித்தையும் அதுதான்.

அந்த வலதுகை எங்கேயிருந்து வந்ததென்று
இப்பவும் எனக்குத் தெரியாது.
விடிய நாலரைக்கு, யேட்டியில் தொங்கும் ரயர்களை
அவன் குத்துகிற சத்தம் கேட்டிருக்கிறேன்.
கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் கிடந்து
இரண்டு பக்கத்தாலும் அடிவாங்கும் ரயர்கள்.
சத்தம் உட்துறைமுகத் தண்ணீரில் ஓடி
அக்கரையில் முட்டி, பிந்தித் திரும்பும்.
எனக்கும் அப்படித்தான்.
முதலில் விளக்குகள். பிறகு கூரைத் தகரம்.
சத்தம் கடைசியாய் வந்தது.
பத்து எண்ணினார்களாம்,
நான் ஆறிலிருந்துதான் கேட்டேன்.

தோற்றது ஒரே ஒருக்கால்.
எண்ணெய்க் குதங்களுக்குக் கீழே
நங்கூரம் போட்டிருந்த கப்பலின் மாலுமி ஒருத்தன்,
ஒட்டகச்சிவிங்கி உயரம்,
மூன்று றவுண்டும் இவனைச் சுற்றி நடந்தான்.
எர்வின் காற்றைக் குத்தினான்.
காற்று விழவில்லை.
அன்றிரவுதான் அவனை நான் சந்தோஷமாய்க் கண்டது.
"மூண்டு றவுண்ட் நிண்டானடா ஒருத்தன்,
முழுசா மூண்டு!"
பதினாலு முட்டையப்பம் சாப்பிட்டான்.
கணக்கு என் கொப்பியில்; காசு வரவேயில்லை.

பிறகு சண்டை எல்லாருக்கும் வந்தது,
எடைப்பிரிவு பார்க்காத சண்டை.
உப்புவெளி றோட்டில் பஸ்ஸை மறித்து
ஆம்பிளைகளை இறக்கிக் கையைத் தூக்கச் சொன்னார்கள்.
நடுவர் எப்பவும் ஒன்றைத்தான் தூக்குவார்;
எர்வின் இரண்டையும் தூக்கினான்.
விரல்முட்டிகளைத் தடவிப் பார்த்தார்கள்.
தழும்பு. காய்ப்பு. எங்கே பயிற்சி?
"யேட்டியில" என்றான், அந்த மடையன், உண்மையாக.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவனுடைய சட்டைப்பையைத் துழாவினவன் சின்னப் பெடியன்,
துவக்கோடு சேர்த்தாலும் ஐம்பது கிலோ தேறாது.
மடித்து மடித்து நார்நாராய்ப் போன
ஒரு பத்திரிகைத் துண்டு வெளியே வந்தது.
படத்தைப் பார்த்தான். எர்வினைப் பார்த்தான்.
பிறகு என்னை,
பிறகு திரும்பவும் படத்தை.
இது நீயா என்று சிங்களத்தில் கேட்டான்.
ஓம் ஐயா, கீழே கிடக்கிறது.
சிரித்துவிட்டான் பெடியன்.
மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினான்.
என் வாய் பிளந்து, நாக்கு ஒருபக்கம் தள்ளிக் கிடந்த
அந்தக் கோலத்தை
நாலு துவக்குகள் குனிந்து பார்த்தன.

பஸ் வெளிக்கிட்டது.
கையை இறக்கச் சொல்ல ஆருக்கும் ஞாபகமில்லை.
நிலாவெளிவரைக்கும் எர்வின்
மேல்கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடியே வந்தான்.
சீற் இருந்தது.

இப்போது பாலையூற்றில் இருக்கிறான்.
தேத்தண்ணிக் கிளாசைப் பிடித்தால் கை
தன்பாட்டில் எங்கேயோ போகிறது.
மாதம் ஒருக்கால் நண்டு கொண்டுபோவேன்.
என் பெயர் அவனுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.
"வா, இருபத்தொன்பது செக்கன்!"
என்றுதான் கதவைத் திறப்பான்.
முப்பது என்று வாதாடிப் பார்த்துவிட்டேன்.
பிள்ளைகளின் பெயரையே விட்டுவிட்டவன்
அந்த ஒரு செக்கனை
விட்டுத் தரமாட்டானாம்.